சுறாவும் சுறாப் புத்தகங்களும்: மண்டபம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்தில் ஒரு சின்னப் படிப்பகம் நடத்துகிறேன். அதற்கு முன்னால் பல வருஷம் ஒரு சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், ஏலக் கணக்கு எழுதினேன். அதனால் வருகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் புத்தகம் கேட்பார்கள், மீதிப் பேர் மீன் கேட்பார்கள். சுறா என்று வந்துவிட்டால் இரண்டும் கலந்து வரும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

நம்ம கடலில் சுறா இருக்கிறதா? குழந்தைகளைக் குளிக்க விடலாமா?

இருக்கிறது. வெளியூரில் இருந்து ராமேஸ்வரம் வருகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி உண்டு. பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் தீவுகளை ஒட்டி மூச்சடக்கி முங்கிப் பாசி எடுக்கிறார்கள். அவர்களிடம் கடலில் என்ன பயம் என்று கேட்டுப் பாருங்கள். கால் கிழிக்கும் பாறை, சொறி என்கிற ஜெல்லி மீன், காற்று என்று வரிசையாகச் சொல்வார்கள். சுறா அந்த வரிசையில் வருவதற்குள் நீங்கள் டீ குடித்து முடித்திருப்பீர்கள்.

அமெரிக்காவில் ஃப்ளோரிடா அருங்காட்சியகம் உலகம் முழுக்க நடக்கும் சுறாக்கடிகளுக்குப் பதிவேடு வைத்திருக்கிறது. மனிதர் சீண்டாமலே சுறா கடித்த சம்பவங்கள் வருஷத்துக்குச் சுமார் 60, 70. இறப்பவர்கள் ஐந்தாறு பேர். அது உலகம் முழுவதற்குமான கணக்கு. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் பயப்பட வேண்டியது நீரோட்டத்துக்கு. அங்கே இறங்காதீர்கள். அந்த எச்சரிக்கைப் பலகையை யாரும் வேடிக்கைக்கு வைக்கவில்லை.

சுறா பற்றி ஒரே ஒரு புத்தகம் படிக்க வேண்டும். எதை எடுக்கட்டும்?

கடற்கரையில் பிறந்தவர் என்றால் ஹெமிங்வேயின் கடலும் கிழவனும் கதையைத்தான் முதலில் கையில் கொடுப்பேன். 1952இல் வந்தது. தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்பு உண்டு. 84 நாள் மீனே படாத கிழவர் சாந்தியாகோ. 85வது நாள் தூண்டிலில் படகை விடப் பெரிய மீன் மாட்டுகிறது. அதைப் படகின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு கரை திரும்பும் வழியில் சுறாக்கள் வந்து கடித்துக்கொண்டே வருகின்றன. கதையில் சுறா வருவது கடைசிப் பகுதியில்தான். ஆனால் வருகிற ஒவ்வொரு சுறாவும் தனித்தனியாக, அதனதன் குணத்தோடு வருகிறது. முதலில் வரும் மாக்கோ சுறாவைக் கிழவர் கொல்லும்போதும் அதன் மேல் ஒரு மரியாதை வைத்திருப்பார். கூட்டமாய்ப் பின்னால் வருகிற மற்றதுகளை வெறுப்பார். நம் ஊர்ப் பெரியவர்களும் சுறாவை அப்படித்தான் பேசுவார்கள், பொதுவாகச் ‘சுறா’ என்று சொல்ல மாட்டார்கள். கொம்பன், பால் சுறா, உளுவை என்று பேர் சொல்லித்தான் திட்டுவார்கள், பேர் சொல்லித்தான் புகழ்வார்கள்.

அதில் ஒரு சின்ன விஷயம் எனக்குப் பிடிக்கும். மீனவர்கள் சாமான் வைக்கும் கொட்டகையில் ஒரு பீப்பாய் நிறையச் சுறா ஈரல் எண்ணெய் இருக்கும். வேண்டியவர் எடுத்துக் குடிக்கலாம். கிழவர் தினம் ஒரு கோப்பை குடிப்பார், மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அதன் ருசியே பிடிக்காது. என் பாட்டி எங்கள் மூக்கைப் பிடித்து ஊற்றியதும் அதே எண்ணெய்தான். கியூபாவில் எழுதிய ஒரு வரி மண்டபத்தில் ஒருவனுக்கு வயிற்றைக் குமட்ட வைக்கிறது.

‘ஜாஸ்’ படிக்கலாமா?

படிக்கலாம், விறுவிறுப்பான நாவல். பீட்டர் பெஞ்ச்லி 1974இல் எழுதியது. மறு வருஷமே ஸ்பீல்பெர்க் படம் வந்து உலகத்தையே கரையில் உட்கார வைத்தது. ஆனால் அதில் வரும் வெள்ளைச் சுறா நம்மூர் ஏலத்தில் விழுகிற சுறா இல்லை. மனிதனைத் தேடி வந்து பழிவாங்கும் சுறா எந்த ஊரிலும் இல்லை. பெஞ்ச்லிக்கே பிற்காலத்தில் அது உறுத்தியது. இப்போது தெரிந்ததெல்லாம் அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்தக் கதையை எழுதியிருக்க மாட்டேன் என்றார். 2006இல் இறக்கும்வரை சுறாக்களைக் காப்பாற்றத்தான் பேசிக்கொண்டிருந்தார். 2002இல் ‘ஷார்க் ட்ரபிள்’ என்று ஒரு புத்தகமும் எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், எழுதிய கதை எழுதியவரையே எப்படித் துரத்தியது என்று தெரியும்.

நம்ம இலக்கியத்தில் சுறா உண்டா?

இருக்கிறது, அதுவும் வேறு எவரும் எழுதாத மாதிரி இருக்கிறது. குறுந்தொகை 269ஆம் பாட்டு, கல்லாடனார் பாடியது. தலைவி சொல்கிறாள்:

“வயச்சுறா எறிந்த புண்தணிந்து எந்தையும்
நீல்நிறப் பெருங்கடல் புக்கனன்”

வலிமையான சுறா தாக்கி அப்பாவுக்குப் புண். புண் ஆறியதும் மறுபடி கடலுக்குப் போய்விட்டார். அம்மா உப்பைக் கொடுத்து நெல் வாங்கி வர உப்பளத்துக்குப் போயிருக்கிறாள். அதாவது, வீட்டில் யாரும் இல்லை. இப்போது வந்தால் என்னைச் சுலபமாய்ப் பார்க்கலாம் என்று அவனுக்குப் போய்ச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் நல்லது என்கிறாள். இந்தப் பாட்டை வாசித்துக் காட்டினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த அப்பாவைக் கவனியுங்கள். சுறாவிடம் அடிபட்டவர் படுத்து எழுந்ததும் செய்த முதல் காரியம் கடலுக்குப் போனது. அதை அந்தப் பெண் ஒரு சேதியாகச் சொல்லிவிட்டுத் தன் கவலைக்குப் போய்விடுகிறாள். ஜாஸ் 300 பக்கத்தில் நடுங்குகிற விஷயம் இங்கே ஒன்றரை வரி.

பட்டினப்பாலையில் இன்னொரு காட்சி: “சினைச்சுறவின் கோடு நட்டு”. பௌர்ணமி நாளில் கடலுக்குப் போகாமல், சுறாவின் கொம்பை நட்டு அதில் தெய்வத்தை ஏற்றி வணங்கும் பரதவர். கோடு என்றால் நீண்டிருக்கும் கொம்பு. வாள் மாதிரி மூக்கு நீண்ட வேளா மீனைத்தான் சொல்கிறார் என்பது என் எண்ணம். வேளா சரியாகச் சொன்னால் சுறா இல்லை, திருக்கைச் சாதி. கடலில் அநேகமாய்க் காணாமலே போய்விட்டது.

இன்னும் வேண்டுமா? மன்மதனின் கொடியில் இருப்பது சுறா. மகர ராசிக்குத் தமிழில் சுறவம் என்று பேர். தனித்தமிழில் எழுதுகிறவர்கள் தை மாதத்தையே சுறவம் என்பார்கள்.

சிவபெருமான் சுறா பிடித்தது இந்தக் கரையில்தானாமே?

அப்படித்தான் சொல்கிறார்கள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வலைவீசின படலம் படியுங்கள். வேதப் பொருளைக் கேட்கும்போது கவனம் சிதறியதால் உமை பரதவர் மகளாய்ப் பிறக்கிறாள். நந்தி சுறாவாகிக் கடலைக் கலக்கி வலையெல்லாம் கிழிக்கிறார். சுறாவைப் பிடிப்பவனுக்கே மகள் என்று பரதவர் தலைவன் அறிவிக்க, சிவன் வலைஞனாக வந்து வலை வீசி இழுக்கிறார். கல்யாணம் முடிந்து மறுபடி வேதப் பொருள் சொன்ன இடம் உத்தரகோசமங்கை. சாயல்குடி பக்கம் மாரியூர் பூவேந்தியநாதர் கோயிலில் சித்திரையில் இந்த வலை வீசும் படலத்தைத் திருவிழாவாக நடத்துகிறார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள். ‘வலையை அறுத்த சுறா’ என்பது இங்கே புராணமும்தான், போன வாரத்து நஷ்டக் கணக்கும்தான்.

முத்துக்குளிக்கும்போது சுறாவை மந்திரத்தால் கட்டினார்களாம். உண்மையா?

கட்டினார்களா என்பது வேறு, கட்டியதற்குக் கூலி வாங்கினார்கள் என்பது எழுத்தில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்: கிடைக்கும் முத்தில் ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு, பெரிய மீன்கள் குளியாட்களைத் தொடாமல் மந்திரிக்கிறவருக்கு இருபதில் ஒரு பங்கு. இதில் அருமையான ஒரு விவரம், மந்திரம் பகலுக்கு மட்டும்தான். ராத்திரி கட்டை அவிழ்த்துவிடுவார்கள், யாரும் திருட்டுத்தனமாய் முங்கி முத்து எடுக்கக் கூடாதே! சுறாவைக் காவல்காரனாகவும் வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

19ஆம் நூற்றாண்டில் இலங்கையைப் பற்றி எழுதிய எமர்சன் டென்னன்ட் இவர்களுக்குத் தமிழில் ‘கடல்கட்டி’ என்று பேர் எனக் குறித்திருக்கிறார். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு குளிப்பு பற்றி எட்கர் தர்ஸ்டன் 1890இல் எழுதிய குறிப்புகளும் படிக்கக் கிடைக்கின்றன. மந்திரத்தால் பலன் உண்டா என்று கேட்டால், குளியாள் பயமில்லாமல் இறங்கினார் என்பதே பெரிய பலன் என்பேன். இதே மாதிரி ஆட்கள் இன்றும் எங்காவது உண்டா என்று தேடுகிறவர்கள் ஜூலியட் ஐல்பெரின் எழுதிய ‘டெமன் ஃபிஷ்’ படிக்கலாம். 2011இல் வந்தது. பப்புவா நியூ கினியில் கொட்டாங்கச்சிகளைக் கோத்துத் தண்ணீரில் குலுக்கிச் சுறாவைக் கூப்பிடுகிறவர்கள் அதில் வருகிறார்கள். நாம் கட்டினோம், அவர்கள் அழைக்கிறார்கள்.

பால் சுறா சாப்பிட்டால் தாய்ப்பால் ஊறுமா?

பிரசவித்த வீட்டில் சுறாப் புட்டு வைக்காத தெரு இங்கே கிடையாது. மஞ்சள் போட்டு அவித்து, சொரசொரத் தோலை உரித்து, உதிர்த்துப் பிழிந்து, சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் வதக்கிப் போட்டால் அதன் வாசனைக்கே பக்கத்து வீடு எட்டிப் பார்க்கும். புரதம் நிறைய, முள் இல்லை, பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்ல சாப்பாடு. ஆனால் பால் ஊறுவது குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதால்தான்.

ஒரு சுவாரசியம்: இந்தச் சுறாவுக்கு ஆங்கிலத்திலும் ‘பால் சுறா’ என்றே பேர். இங்கிருக்கும் இந்த நம்பிக்கையில் இருந்துதான் அந்தப் பேர் போனது. நம் பாட்டிமாரின் அடுப்படிப் பேச்சு உலகத்து மீன் நூல்களில் ஏறியிருக்கிறது.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பெரிய சுறாவின் சதையில் பாதரசம் சேர்ந்திருக்கும். சின்ன மீனை நடுத்தர மீன் தின்று, அதைச் சுறா தின்று, பல வருஷம் வாழ்வதால் எல்லாம் அதன் உடம்பில் தங்கிவிடுகிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் சின்னப் பிள்ளைகளும் பெரிய சுறாவைத் தவிர்ப்பது நல்லது.

சுறாவில் ஏன் மூத்திர வாடை?

உண்மையிலேயே அது அந்தச் சரக்குதான். உப்புத் தண்ணீர் உடம்பின் நீரை உறிஞ்சிவிடாமல் இருக்கச் சுறா தன் ரத்தத்திலும் சதையிலும் யூரியாவை வைத்துக்கொள்கிறது. செத்ததும் பாக்டீரியா அதை அம்மோனியாவாக மாற்றும். வாடை அடித்தால் மீன் பழசு என்று பொருள். வாங்காதீர்கள்.

சுறாவுக்குப் புற்றுநோயே வராதாமே? அதைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா?

இருக்கிறது, என் அலமாரியில் இல்லை. வில்லியம் லேன் என்பவர் 1992இல் அப்படியே தலைப்பு வைத்து ஒரு புத்தகம் வெளியிட்டார். சுறாவின் குருத்தெலும்புப் பொடி மாத்திரை அமோகமாய் விற்றது. சுறாவுக்குப் புற்றுநோய் வருகிறது. கட்டிகளை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வரவே வராது என்று வைத்துக்கொண்டாலும், அதைத் தின்றால் நமக்கும் வராது என்பது எந்த ஊர் நியாயம்? சிங்கக் கறி தின்றால் கர்ஜிக்க முடியுமா? யாராவது அந்த மாத்திரையைச் சிபாரிசு செய்தால் நல்ல மருத்துவரிடம் போங்கள்.

வலையில் அம்மணி உளுவை மாட்டினால் என்ன செய்வது?

வலையை அறுத்தாவது விட்டுவிட வேண்டும். திமிங்கிலச் சுறாவுக்குத்தான் இங்கே அந்தப் பேர். உலகத்திலேயே பெரிய மீன். 18 மீட்டர் வரை வளர்ந்ததாகப் பதிவு உண்டு. அவ்வளவு பெரிய வாயை வைத்துக்கொண்டு தின்பது மிதவை உயிரிகளையும் பொடி மீனையும். பாவப்பட்ட ஜீவன், கூடவே முங்கினாலும் ஒன்றும் செய்யாது.

குஜராத் கடலோரத்தில் இதை நூற்றுக்கணக்கில் கொன்றதை மைக் பாண்டே ஆவணப்படமாக எடுத்து 2000இல் காட்டினார். 2001இல் இந்திய வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இது சேர்ந்தது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. வலை போனால் மனசு வலிக்கத்தான் செய்யும். கணக்கு எழுதியவன், எனக்குத் தெரியாதா.

அப்படியானால் சுறா பிடிப்பதே குற்றமா?

இல்லை. இதில்தான் குழப்பம் அதிகம். 2001இல் முதலில் எல்லாச் சுறாவையும் திருக்கையையும் பட்டியலில் போட்டார்கள். மீனவர்கள் கொதித்தார்கள். அந்த வருஷமே அதை 10 இனமாகக் குறைத்தார்கள். திமிங்கிலச் சுறா, வேளா, கங்கைச் சுறா எல்லாம் அதில் உண்டு. 2022 திருத்தத்தில் பட்டியல் மறுபடி நீண்டிருக்கிறது. 2013 முதல் இறக்கையை அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசக் கூடாது, முழுசாகத்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும். நம் ஆட்கள் கறியையும் கருவாட்டையும் விட்டுவைக்காதவர்கள், அவர்களுக்கு இது பெரிய மாற்றமில்லை. 2015 முதல் சுறா இறக்கை ஏற்றுமதிக்கும் தடை. வலையில் எது விழுந்தாலும் பேர் தெரியவில்லை என்றால் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1947இல் தொடங்கிய நிறுவனம். கொச்சிக்குப் போவதற்கு முன் தலைமையகமே நம் ஊரில்தான் இருந்தது. கேட்டால் சொல்வார்கள்.

கடுமை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: 1970க்குப் பிறகு, கரையை விட்டு விலகித் திறந்த பெருங்கடலில் திரியும் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை உலகளவில் 71 சதவீதம் குறைந்திருப்பதாக 2021இல் வந்த ஆய்வு சொல்கிறது. மெதுவாய் வயசுக்கு வந்து, கொஞ்சமாய்க் குட்டி போடும் மீன். சாளையைப் போல அடுத்த வருஷம் திரும்பி வராது.

என் மகளுக்கு ஏழு வயசு, சுறாப் பைத்தியம். என்ன வாங்கித் தரலாம்?

ஜெஸ் கீட்டிங் எழுதிய ‘ஷார்க் லேடி’, படப் புத்தகம். யூஜினி கிளார்க் என்ற விஞ்ஞானியின் கதை. சுறாவுக்குப் புத்தி கிடையாது என்று உலகம் நினைத்த காலத்தில், பலகையை மூக்கால் அழுத்தினால் தீனி என்று எலுமிச்சைச் சுறாக்களுக்குப் பழக்கிக் காட்டியவர். மகள் பெரியவளானதும் கிளார்க்கே 1953இல் எழுதிய ‘லேடி வித் எ ஸ்பியர்’ கொடுங்கள். அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை மீன் இறங்குதளத்துக்குக் கூட்டிப் போங்கள். இறந்த சுறாவின் தோலைத் தலையில் இருந்து வால் பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் உப்புத்தாள். மூக்கைச் சுற்றிப் புள்ளி புள்ளியாய்த் துளைகள் தெரியும். இரையின் உடம்பில் இருந்து வரும் மின்சாரத்தைச் சுறா அதில்தான் உணர்கிறது. 1678இல் லொரென்சினி என்ற இத்தாலியர் விவரித்த துளைகள் அவை.

கடலுக்குப் போகிறவர், ஆனால் வாசிப்பும் பிடிக்கும். என்ன கொடுப்பீர்கள்?

ஆங்கிலம் வரும் என்றால் ‘ஷார்க் டிரங்க்’. நார்வேக்காரர் மோர்டன் ஸ்ட்ரோக்ஸ்னெஸ் எழுதியது. இரண்டு கூட்டாளிகள், ஒரு ரப்பர் படகு, அழுகிய மாட்டுக்கறி இரை, குறி ஆழத்தில் கிடக்கும் கிரீன்லாந்து சுறா. அந்தச் சுறா குறைந்தது 270 வருஷமாவது வாழும் என்று 2016இல் கணித்திருக்கிறார்கள். மீனைவிடக் காத்திருப்பதைப் பற்றித்தான் புத்தகம் பேசுகிறது. ஆயிரங்கால் தூண்டில் போட்டு விடியும்வரை உட்கார்ந்தவருக்கு ஒவ்வொரு பக்கமும் புரியும்.

இலவசமாய் ஏதாவது?

பிரான்சிஸ் டே 1870களில் எழுதிய ‘தி ஃபிஷஸ் ஆஃப் இந்தியா’ இணையத்தில் கிடைக்கிறது. படங்களுக்காகவே பார்க்கலாம், தமிழ்ப் பெயர்களையும் குறித்திருக்கிறார். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1984இல் வெளியிட்ட, காம்பாக்னோ எழுதிய சுறாப் பட்டியலும் இலவசம். அவரே மற்றவர்களோடு சேர்ந்து எழுதிய ‘ஷார்க்ஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ விலை அதிகம், ஒரு பிரதி இங்கே இருக்கிறது. இரவல் கிடையாது, இங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம்.

பாண்டிச்சேரி சுறா என்று ஒன்று உண்டாமே?

உண்டு, அல்லது இருந்தது. பாண்டிச்சேரியில் கிடைத்த மீனை வைத்து 1839இல் முல்லரும் ஹென்லேயும் பேர் வைத்தார்கள். ஒரு மீட்டர் அளவுக்கு வளரும், கட்டுக்குட்டான உடம்பு, இறக்கை நுனிகள் சில கறுப்பு. 1979க்குப் பிறகு உறுதியாகப் பார்த்த பதிவு இல்லை. 2001 பட்டியலில் இதுவும் பாதுகாக்கப்பட்ட மீன். தமிழ்க் கரையின் பேரைச் சுமக்கிற சுறா, நம் ஆட்களின் வலையில் எங்காவது தெரியாமல் விழுந்துகொண்டிருக்கலாம் என்று ஓர் ஆசை.

சிக்கல் என்னவென்றால் கறுப்பு நுனி உள்ள சுறா இந்தக் கடலில் நிறைய. அதனால் அந்தப் பெரிய புத்தகத்தில் அதன் படம் உள்ள பக்கத்தில் ஒரு பனையோலை வைத்திருக்கிறேன். இதுவரை மூன்று பேர் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள், ஒருவர் ஈரக் கைலியோடு. பக்கத்தைத் திறந்து வைத்து ஒப்பிட்டோம். மூன்றும் வேறு சுறா.